வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே அச்சாகட்டும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுது. மறுநாள் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டிய அரபு வினாத்தாள் ஒன்றைப் பிரதி எடுப்பதற்காக ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போயிருந்தேன். கடையில் நின்ற தம்பி நல்ல பிள்ளை. மரியாதையாக எழுந்து நின்று, "இந்த நம்பருக்கு வட்ஸ்அப்பில போடுங்க மௌலவி, எடுத்துத் தாறேன்" என்றார். நானும் அனுப்பினேன். அதைத் தேடி எடுப்பதற்காகக் கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்தார்.

திரை முழுவதும் வரிசை வரிசையாகப் படங்கள். யாரோ ஒருவரின் அடையாள அட்டை, முன்பக்கமும் பின்பக்கமும். வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம். ஒரு தாயின் வைத்தியப் பரிசோதனை அறிக்கை. மணப்பெண் கோலத்தில் ஒரு பிள்ளை. காதி நீதிமன்றத்துக்கென எழுதப்பட்ட ஒரு முறைப்பாட்டுக் கடிதம். பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். ஆனால் தாழ்த்துவதற்கு முன் விழுந்த ஒரு பார்வையே போதுமாயிருந்தது. அந்தக் கடிதத்திலிருந்த பெயர் எங்கள் மஹல்லாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தின் பெயர். அந்தச் சகோதரி தன் கூடப்பிறந்தவர்களிடம் கூடச் சொல்லியிருக்கமாட்டார். அவருடைய கண்ணீர், வீதியைப் பார்த்தபடி இருந்த ஒரு கணினித் திரையில் கிடந்தது.

"தம்பி, வேலை முடிஞ்சதும் இதெல்லாம் அழிக்கிறதில்லையா?" என்று கேட்டேன்.

"நேரம் கிடைக்கிறதில்ல மௌலவி. ஆனா அல்லாஹ்வுக்காகச் சொல்றேன், நான் ஒண்டையும் திறந்து பார்க்கிறதில்ல" என்றார்.

அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கணினிக்கு முன்னால் நாளைக்கு அமரப்போவது யார்? அது பழுதானால் திருத்தக் கொண்டுபோகும் இடத்தில் திறந்து பார்ப்பது யார்? வரிசையில் காத்து நிற்கும் பத்துப் பேரின் கண்களுக்கு யார் பொறுப்பு?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நம்மட மூத்த மகள்ட ஸ்கேன் ரிப்போர்ட்டும் அங்கதானே அனுப்பின நாங்க?" என்றார். அன்றிரவு எனக்கு நித்திரை வர வெகுநேரமாயிற்று.

இக்கட்டுரை அன்றிரவு பிறந்தது. கைத்தொலைபேசியில் இருக்கும் ஒரு பத்திரத்தை அல்லது புகைப்படத்தை, இன்னொருவருடைய கைக்குப் போகாமல், வீட்டிலிருந்தே நேரடியாகக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம். எமது சகோதரிகளில் பலர் இது கணினி படித்தவர்களின் வேலை என்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உண்மையில் மா பிசைந்து ரொட்டி சுடத் தெரிந்தவருக்கு இது அதைவிட இலகுவான வேலை. அதே வேளை, இது வெறும் வசதி பற்றிய விடயமுமல்ல. அமானிதம் பற்றிய விடயம்.

பார்வைக்கும் அனுமதி உண்டு

பிறர் வீடுகளுக்குள் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழைய வேண்டாமென்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒரு துவாரத்தின் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்த சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அப்போது நபியவர்களின் கையில் தலை கோதும் சீப்பொன்று இருந்தது. அவர்கள் அம்மனிதரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் ஒழுங்கு ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்பது அந்த நபிமொழியின் கருத்தாகும்.

இன்று ஒரு குடும்பத்தின் வீடு நான்கு சுவர்களுக்குள் மட்டும் இல்லை. அதில் பாதி கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. பிள்ளைகளின் படம், நோயின் விபரம், கடன் கணக்கு, கணவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கடிதம் எல்லாம் அதற்குள்தான். கதவுக்குத் திரை போடும் நாம், அந்த இரண்டாவது வீட்டின் கதவை ஒரு பக்கம் அச்சிடுவதற்காக முழுவதுமாகத் திறந்து வைத்துவிடுகிறோம்.

ஒருவர் ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாலே அப்பேச்சு அமானிதமாகிவிடுகிறது என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் ஒரு ஹதீஸ் உண்டு. "ரகசியம்" என்று வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அப்படியானால், ஒரு பெண் தயங்கித் தயங்கி நீட்டும் வைத்திய அறிக்கை எத்தகைய அமானிதம்!

இன்னும் காகிதம் எதற்கு?

"எல்லாம்தான் போனில் இருக்கிறதே, காகிதம் எதற்கு?" என்று இளம் பிள்ளைகள் கேட்பார்கள். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகும் தாயிடம் கேட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பத்திரங்கள், அவற்றின் பிரதிகள் என்று ஒரு கோவையே தேவைப்படும். கிராம உத்தியோகத்தரிடம், பிரதேச செயலகத்தில், கிளினிக்கில், விஸா விண்ணப்பத்தில், காதி நீதிமன்றத்தில் என்று எங்கு போனாலும் காகிதம்தான் பேசுகிறது.

காகிதம் இல்லாமற் போனால் என்னவாகும் என்பதை எமது சமூகம் அனுபவித்தே அறிந்திருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கிடைத்தது சில மணித்தியாலங்கள் மட்டுமே. காணி உறுதியும் விவாகப் பத்திரமும் குடும்பப் படமும் கைவிட்ட வீடுகளிலேயே தங்கிவிட்டன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அலை கிழக்குக் கரையோரத்தில் உயிர்களோடு சேர்த்து அலுமாரிகளையும் கொண்டுபோயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் எத்தனையோ வீடுகள் தம் பத்திரங்களை இழந்தன.

ஆகவே இரண்டும் வேண்டும். காகிதத்தில் இருப்பதன் படம் கைத்தொலைபேசியில் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் இருப்பதன் பிரதி காகிதத்தில் இருக்க வேண்டும். அந்தப் பிரதியொன்று வேறொரு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் இருந்தால் இன்னும் நல்லது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். எழுத்தில் வைப்பது எமது மார்க்கத்துக்குப் புதியதல்ல.

போனும் பொறியும் பேசுவது எப்படி?

கைத்தொலைபேசியிலிருந்து நேரடியாக அச்சிடுவதற்குத் தேவை வைஃபை வசதியுள்ள ஓர் அச்சுப்பொறி. இப்போது வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் பொறிகளில் பெரும்பாலானவற்றில் அவ்வசதி இருக்கிறது. வாங்கும்போது பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஐபோன் பாவிப்பவர்களுக்கு அதனுள்ளேயே "எயார்பிரின்ட்" என்ற ஏற்பாடு உண்டு. அது 2010இல் அறிமுகமானது. அன்ட்ரொய்ட் போன்களுக்கு "மொப்ரியா" என்ற பொது ஏற்பாடு இருக்கிறது. கெனன், எச்.பி., சம்சுங், ஸெரொக்ஸ் ஆகிய நிறுவனங்கள் 2013இல் கூடி அதனை உருவாக்கின. பல கம்பனிகளின் பொறிகளும் பல கம்பனிகளின் போன்களும் ஒரே மொழி பேச வேண்டுமென்பதே அதன் நோக்கம். பெட்டியில் இப்பெயர்களில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் வேறெதுவும் நிறுவத் தேவையில்லை.

வீட்டில் ரௌட்டர் இருந்தால் பொறியை ஒருமுறை அதனுடன் இணைத்துவிடுங்கள். பின்னர் போனில் அந்தப் படத்தையோ பத்திரத்தையோ திறந்து, பகிர்வதற்கான அடையாளத்தை அல்லது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் "பிரின்ட்" என்ற சொல் வரும். அதை அழுத்தி, பொறியின் பெயரைத் தெரிவு செய்து, எத்தனை பிரதி, எந்த அளவுத் தாள், நிறமா கறுப்பா என்று சொல்லி, மீண்டும் அழுத்தினால் முடிந்தது.

பொறியின் பெயர் தெரியவில்லையா? பதற வேண்டாம். பத்தில் ஒன்பது தடவை காரணம் ஒன்றேதான். போன் வைஃபையில் இல்லாமல் சிம் அட்டையின் டேட்டாவில் இருக்கும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அதன் பிறகும் தெரியாவிட்டால் பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பாருங்கள்.

வீட்டில் ரௌட்டர் இல்லாவிட்டாலும் வழியுண்டு. பல பொறிகள் தாமே ஒரு சிறிய வைஃபையை உண்டாக்கும். அதற்கு "வைஃபை டைரக்ட்" என்று பெயர். போனின் வைஃபைப் பட்டியலில் பொறியின் பெயர் தெரியும். பொறியிலோ அதன் சிறு திரையிலோ உள்ள கடவுச்சொல்லைக் கொடுத்தால் இணைந்துவிடும். அந்நேரத்தில் இணையம் சற்று நின்றுபோகலாம். வேலை முடிந்ததும் பழையபடி வந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான விடயம் ஒன்றுண்டு. இவ்வாறு அச்சிடும்போது அந்தப் பத்திரம் உங்கள் அறையிலுள்ள போனிலிருந்து அதே அறையிலுள்ள பொறிக்குத்தான் போகிறது. டேட்டாவும் செலவாவதில்லை. இணையத்தின் வழியாக நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் திரும்பி வந்து அச்சாகும் முறைகளும் உண்டு. கூகுள் நிறுவனம் நடத்திவந்த அத்தகைய சேவையொன்று 2020 டிசம்பர் 31ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டது. வேறு சில இன்னும் நடக்கின்றன. வீட்டுக்குள்ளேயே முடியும் வேலைக்கு அவை தேவையில்லை. அதேபோல, "பிரின்டர்" என்ற பெயரில் வரும் அறிமுகமில்லாத செயலிகளை இறக்காதீர்கள். சில செயலிகள் மாதக் கட்டணம் பிடிக்கும். தேவையானால் பொறியைத் தயாரித்த கம்பனியின் செயலியை மட்டும் எடுங்கள். வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் இட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து மாறாமலிருக்க

வினாத்தாள் தயாரிக்கும் எனக்கு நீண்ட காலமாக ஒரு தொல்லை இருந்தது. என் கணினியில் அழகாக இருக்கும் அரபு எழுத்து வேறிடத்தில் திறக்கும்போது ஹரகத்துகள் விலகி நிற்கும். தமிழ் எழுத்தில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். சில வேளைகளில் வெறும் சதுரக் கட்டங்களே வரும். அந்த இயந்திரத்தில் அவ்வெழுத்துரு இல்லாமையே இதற்குக் காரணம். அல்குர்ஆன் வசனமோ துஆவோ எழுதிய தாளில் இவ்வாறு நேர்ந்தால் கருத்தே மாறிவிடக்கூடும்.

இதற்குப் பரிகாரம், பத்திரத்தை "பீ.டி.எஃப்." ஆக மாற்றிக்கொள்வதே. போனில் பிரின்ட் என்று கொடுத்ததும் பொறிகளின் பட்டியலிலேயே பீ.டி.எஃப். ஆகச் சேமிக்கும் தெரிவும் அன்ட்ரொய்ட் போன்களில் இருக்கும். அவ்வாறு சேமித்தால் எழுத்து, வரி, பக்கம் எதுவும் அசையாது.

கையிலுள்ள பத்திரத்தைப் பிரதி எடுக்க வேண்டுமானால், வெறுமனே படம் பிடிப்பதிலும் பார்க்க ஸ்கேன் செய்வது சிறந்தது. அன்ட்ரொய்ட் போனில் "கூகுள் டிரைவ்" செயலியிலும், ஐபோனில் "நோட்ஸ்" பகுதியிலும் அதற்கு வசதியுண்டு. ஜன்னலோரத்தில் பகல் வெளிச்சத்தில் பத்திரத்தைச் சமமாக வையுங்கள். உங்கள் நிழல் அதில் விழக்கூடாது. நான்கு மூலைகளையும் போனே கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, பின்னணியை வெண்மையாக்கித் தரும்.

புகைப்படம் அச்சிடும்போது

புகைப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அதற்குள் நான் இங்கு நுழையவில்லை. கடவுச்சீட்டு, அடையாள அட்டை போன்ற தேவைகளுக்கு அது வேண்டியிருக்கிறது. குடும்ப ஞாபகமாக எடுப்பவர்கள் சுவரில் தொங்கவிடாமல் அல்பத்தில் வைத்துக்கொள்வது பேணுதலானது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மங்கலாக அச்சாகிறது என்று பலர் பொறியைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் படத்தில்தான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத்தான் போய்ச் சேருகிறது. திரையில் அது நன்றாகவே தெரியும். தாளில் பல்லைக் காட்டிவிடும். 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் கொண்ட படம் தெளிவாக வர வேண்டுமானால் 1200க்கு 1800 புள்ளிகள் இருப்பது நல்லது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பதே அந்தக் கணக்கு. ஆகவே வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் படம் கேட்கும்போது, "படமாக அனுப்பாமல் டொகியுமன்டாக அனுப்பு மகன்" என்று சொல்லுங்கள். அப்போது மூலப்படம் அப்படியே வந்து சேரும்.

இன்னொன்று. போன் கெமராவின் படம் பெரும்பாலும் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கும். மேற்சொன்ன தாளோ 3க்கு 2. தாள் முழுவதும் நிறைய அச்சிட்டால் படத்தின் இரண்டு ஓரங்கள் வெட்டுப்படும். வரிசையின் கடைசியில் நின்ற உம்மம்மாவின் முகம் பாதியாவது இதனால்தான். அச்சிடுவதற்கு முன்னர் திரையில் காட்டும் மாதிரியை ஒரு தடவை பாருங்கள். படத்தாளில் பளபளப்பான பக்கத்தில்தான் அச்சிட வேண்டும். வந்தவுடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நன்கு காயவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

இதைப் படித்தவுடன் எல்லோரும் அச்சுப்பொறி வாங்க வேண்டுமென்று நான் சொல்லவரவில்லை. வருடத்துக்குப் பத்துப் பக்கம் எடுக்கும் வீட்டுக்கு அது வீண்விரயமே. இங்க்ஜெட் என்னும் திரவ மைப் பொறியைப் பல வாரங்கள் பாவிக்காமல் விட்டால் மை காய்ந்து துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். அதை வைத்திருப்பவர்கள் கிழமைக்கு ஒரு நிறப் பக்கமாவது எடுக்க வேண்டும். நிறுத்தும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைக்காமல் பொறியின் பொத்தானை அழுத்தியே நிறுத்த வேண்டும். அப்போதுதான் மை வரும் பகுதி மூடிக்கொள்ளும்.

மலிவான பொறி என்று வாங்கிவிட்டு, சிறிய மைக் கூடுகளுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பவர்கள் பலர். மைத் தாங்கியுள்ள பொறியின் விலை ஆரம்பத்தில் அதிகம். ஆனால் பக்கமொன்றுக்கு ஆகும் செலவு வெகு குறைவு. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது ஏற்றது. எழுத்துப் பத்திரங்கள் மட்டும் போதுமென்றால் கறுப்பு லேசர் பொறி நல்லது. அதிலுள்ள தூள் மை சூட்டினால் உருகித் தாளில் ஒட்டிக்கொள்வதால், மாதக்கணக்கில் வைத்தாலும் காயாது; அச்சிட்ட எழுத்து தண்ணீர் பட்டுக் கரையாது. திரவ மையோ ஈரம் பட்டால் பல வேளைகளில் பரவிவிடும்.

எல்லாவற்றிலும் சிறந்தது, சகோதர சகோதரிகளின் குடும்பங்கள் நான்கு சேர்ந்து ஒரு பொறியை வாங்குவது. தாளின் செலவை அவரவர் கொடுக்கலாம். தாளின் அருமையும் எமக்குத் தெரியும். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. இருபக்கமும் அச்சிடுவதும் தேவையானதை மட்டும் அச்சிடுவதும் இஸ்ராஃபைத் தவிர்க்கும் வழிகளாகும்.

கடைக்குத்தான் போக வேண்டுமென்றால்

பொறி இல்லாதவர்கள் கடைக்குப் போகத்தான் வேண்டும். அப்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கலாம்.

தேவையான பக்கத்தை மட்டும் பீ.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள். போனைத் திறந்து மற்றவர் கையில் கொடுக்காதீர்கள். பென் டிரைவில் கொண்டுபோவதானால் அந்த ஒரு கோப்பைத் தவிர வேறெதுவும் அதில் இருக்கக்கூடாது. வட்ஸ்அப்பில் அனுப்பினால், "எல்லோருக்கும் அழி" என்று நீங்கள் அழித்தாலும், கடைக் கணினியில் இறக்கப்பட்ட பிரதி அங்கேயே இருக்கும். ஆகவே உங்கள் கண்முன்னால் அதை அழிக்கச் சொல்லுங்கள். கணினியின் குப்பைக் கூடையிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. அது உங்கள் உரிமை.

பிழையாக வந்த தாளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்துவிடுங்கள். அடையாள அட்டைப் பிரதியைக் கொடுக்கும்போது எந்த அலுவலுக்காக, எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்பதை அதன் குறுக்கே பேனாவால் எழுதிவிடுங்கள். வேறொரு தேவைக்கு அதனைப் பாவிப்பது அப்போது கடினமாகிவிடும்.

வங்கி இயந்திரமும் கடைகளும் தரும் வழுவழுப்பான பற்றுச்சீட்டுகளில் மை இல்லை. அவை சூட்டினால் எழுதப்படுபவை. சில மாதங்களில் வெளிறிவிடலாம். பணம் செலுத்திய அத்தாட்சியாக வைத்திருக்க வேண்டுமானால் உடனே ஸ்கேன் செய்து சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மறந்தும் லெமினேட் செய்துவிடாதீர்கள். சூடு பட்டதும் முழுவதும் கறுத்துவிடும்.

கொமியூனிகேஷன் கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பணமும் நகையும் மட்டும் அமானிதமல்ல. இரவு கடையை மூடுவதற்கு முன் அன்றைய கோப்புகளை எல்லாம் அழித்துவிடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். திரையை வீதிப் பக்கமிருந்து சுவர்ப் பக்கம் திருப்புவதற்கு ஒரு நிமிடம் போதும். தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் எமது நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் வந்து பிடிப்பது சேதம் நடந்த பிறகுதான். அல்லாஹ்வின் அச்சம் அதற்கு முன்னரே தடுக்கும். நான் சென்ற கடையின் தம்பி இப்போது ஒவ்வொரு வேலையும் முடிந்தவுடன் அழித்துவிடுகிறார். திரையும் திரும்பிவிட்டது. சொன்னால் கேட்கும் மனங்கள் நிறையவே இருக்கின்றன. நாம்தான் சொல்வதில்லை.

வீட்டிலிருந்து ஏதாவது தொழில் செய்ய விரும்பும் சகோதரிகளுக்கும் இதில் ஒரு வாசல் இருக்கிறது. ஒரு மஹல்லாவில் ஒரு பெண்ணிடம் ஒரு நல்ல பொறியும், நாவைக் காக்கும் பழக்கமும் இருந்தால், அவ்வூர்ப் பெண்கள் தங்கள் வைத்திய அறிக்கையையும் வழக்குக் கடிதத்தையும் தயக்கமின்றிக் கொண்டுபோவார்கள். அது அவருக்கு ஹலாலான வருமானம். மற்றவர்களுக்குப் பாதுகாப்பு.

ஹஃப்ஸா (ரழி) அவர்களிடமிருந்த ஏடுகள்

இறுதியாக ஒரு வரலாறு. யமாமா யுத்தத்தில் அல்குர்ஆனை மனனமிட்ட பலர் ஷஹீதானதன் பின்னர், கலீபா அபூபக்ர் (ரழி) அவர்களின் பணிப்பின் பேரில் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்கள் அல்குர்ஆனை ஏடுகளில் ஒன்று திரட்டினார்கள். அந்த ஏடுகள் அபூபக்ர் (ரழி) அவர்களிடமும், அவர்களுக்குப் பின் உமர் (ரழி) அவர்களிடமும் இருந்தன. அதன் பின்னர் யாரிடம் இருந்தன? உமர் (ரழி) அவர்களின் புதல்வியும் நபியவர்களின் துணைவியுமான ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம். முழு உம்மத்தின் மிகப் பெரிய அமானிதம் ஒரு பெண்ணின் வீட்டில் இருந்தது.

பின்னர் உஸ்மான் (ரழி) அவர்கள், பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவதாகக் கூறி அவ்வேடுகளைக் கேட்டனுப்பினார்கள். ஹஃப்ஸா (ரழி) அவர்கள் கொடுத்தார்கள். பிரதிகள் எடுக்கப்பட்டன. சொன்னபடியே மூல ஏடுகள் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் திரும்பி வந்தன. பிரதி எடுப்பதன் ஒழுக்கம் முழுவதும் இச்சம்பவத்தில் இருக்கிறது. கேட்டுப் பெறுவது, நோக்கத்தைச் சொல்வது, அதற்கு மட்டும் பயன்படுத்துவது, உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது.

அதே ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவரும் ஒரு பெண்தான். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்ற அந்த ஸஹாபிப் பெண்மணியின் பணியை அபூதாவூதில் வரும் ஹதீஸொன்றில் காண்கிறோம். எழுதக் கற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில்தான் அந்த ஏடுகள் இருந்தன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு பொறி இருக்கிறது. மனைவியின் தங்கை குடும்பத்துடன் சேர்ந்து வாங்கியது. மகளின் அடுத்த கிளினிக் அறிக்கையை மனைவியே தன் போனிலிருந்து அச்சிட்டு, உறையிலிட்டு, அலுமாரியில் வைத்தார். வேறெவர் கண்ணிலும் அது படவில்லை. பக்கத்து வீட்டு ராத்தாவுக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சகோதரிகளே! உங்கள் மகளிடமோ மருமகளிடமோ இன்றே கேட்டு இச்சிறிய வேலையைப் பழகிக்கொள்ளுங்கள். பழகியதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். எமது வீடுகளின் மறைவுகளையும் பிறருடைய மறைவுகளையும் பேணிக்காக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் எம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.